பழைய பன்டம் மோட்டார் சைக்கிளுக்கு என் பெயரில் புக் எடுத்த வழி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் என் லேத் பட்டறைக்குப் பழைய மோட்டார் சைக்கிள் சாமான் கொண்டுவரும் பொடியளிடம் நான் முதலில் கேட்பது பதிவுப் புத்தகத்தைத்தான். "புக் இருக்கோ தம்பி?" பாதிப்பேர் சொல்வது, "அது பிறகு பாப்பம் அண்ணை, முதல்ல வண்டி ஸ்ரார்ட் ஆகட்டும்." வண்டி ஸ்ரார்ட் ஆகிவிடும். புஷ் கடைந்து, சிலிண்டர் போர் பண்ணி, ராங்கிக்குப் பெயின்ற் அடித்து, சைலன்சருக்குக் குரோம் பூசி, சேர்த்த காசெல்லாம் அதற்குள் போன பிறகு, வீதியில் இறக்க உரிமை இல்லாமல் விறாந்தையில் துணி போர்த்தி நிற்கும் வண்டிகள் நாலைந்து எனக்குத் தெரியும். அவற்றைக் கண்டால் நெஞ்சு வலிக்கும்.

என்னுடையது இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ கம்பனி செய்த பன்டம் டி1. 123 சி.சி, ரூ ஸ்ட்ரோக். 2021 இல் மட்டுவிலில் ஒரு வீட்டின் விழுந்த கொட்டிலுக்குள் இருந்து எடுத்தேன். புக் என் பெயருக்கு மாற இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடத்தில் நான் எங்கே போனேன், எந்தக் கடதாசி யாரிடம் கிடைத்தது, எதை முதலிலேயே செய்திருக்கலாம் என்பதையெல்லாம் எழுதுகிறேன். உங்கள் வண்டியின் கதை வேறாக இருக்கும். ஆனாலும் போக வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நாங்கள் புக் என்று சொல்வது வாகனப் பதிவுச் சான்றிதழை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி வண்டியின் பதிவு உரிமையாளர் யார் என்று சொல்லும் கடதாசி அது ஒன்றுதான். வருடா வருடம் எடுக்கும் வரிப்பத்திரம் உரிமையைக் காட்டாது. இன்சூரன்ஸ் காட்டாது. முத்திரை ஒட்டி, "இன்னாருக்கு விற்றுவிட்டேன்" என்று எழுதிய துண்டும் காட்டாது; அது விற்பனைக்குச் சாட்சி, அவ்வளவுதான். ஓப்பன் பேப்பர் என்று, விற்றவர் கையெழுத்து வைத்து வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்ட படிவத்தோடு நாலு கை மாறும் வண்டிகள் எங்கள் ஊரில் நிறைய. அந்தக் கையெழுத்துக்காரர் உயிரோடு, தேடிப் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் வரைதான் அதற்குப் பெறுமதி.

கடதாசி இல்லாமல் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு 2022 ஐ நினைவுபடுத்துவேன். பெற்றோல் வரிசை நீண்ட அந்த ஆடி மாதம் பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தது. பதிய வாகன இலக்கத்தோடு, சட்டகத்தில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரும் கேட்டது. பதிவோடு ஒத்துப்போன மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். ஒத்துப்போகாததற்கு ஒரு சொட்டும் இல்லை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய ஊர் இது. எண்ணெய் இல்லாத காலம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பெற்றோல் செட்டில் எண்ணெய் இருந்தும், வண்டிக்குப் பதிவில் ஆள் இல்லாததால் வெறும் போத்தலோடு திரும்பியவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நம்பரை வாசிப்பது

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் செய்யும் வேலை இது. புக் ஒட்டியிருப்பது சட்டகத்தோடு. ராங்கி மாறலாம், சில்லு மாறலாம், ஏன் இஞ்சினே மாறலாம். சேசிஸ் நம்பர் மாறினால் அது வேறு வண்டி.

பன்டத்தில் அந்த நம்பர் ஹாண்டில் தண்டு நுழையும் கழுத்தில் அடிக்கப்பட்டிருக்கும். தொடக்கக் கால டி1 என்றால் வை.டி.1 என்று தொடங்கும். என் வண்டியின் கழுத்தில் மூன்று பூச்சு இருந்தது: மேலே கறுப்பு, அதற்குக் கீழே கையால் அடித்த சிவப்பு, அடியில் பி.எஸ்.ஏ தொழிற்சாலையின் வெளிறிய பச்சை. கிரைண்டர் வைக்க வேண்டாம். எமரிக் கடதாசியும் வேண்டாம். பழைய வேட்டித் துண்டைத் தின்னரில் நனைத்து, கழுத்தைச் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பொலித்தீன் பையைச் சுற்றி, கால் மணி நேரம் விட்டேன். பூச்சு கூழாக வந்தது. பல் துலக்கிய பழைய பிரஷ்ஷால் எழுத்துக்குள் இருந்ததை எடுத்தேன். காய்ந்த பிறகு வெள்ளைச் சோக்கை அதன் மேல் தேய்த்து, விரலால் வழித்துவிட்டு, ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் இலக்கங்கள் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

பிரதி எடுக்க நான் பாவிப்பது பட்டம் கட்டும் ரிசுப் பேப்பர். போட்டோக் கொப்பிக் கடதாசி தடிப்பு. வளைந்த கழுத்தில் ஒட்டாது. ரிசுவை இரண்டு பக்கமும் டேப்பால் இழுத்து ஒட்டி, மெல்லிய பென்சிலைச் சாய்த்து ஒரே திசையில் தேய்த்தால் எழுத்து இறங்கும். மூன்று பிரதி எடுங்கள். நான் முதல் தடவை அவசரத்தில், சோக்குக்கு முன்பே எடுத்துவிட்டேன். கடைசிக்கு முன் இலக்கத்தின் தலையில் ஒரு பழைய அரக் கீறல் இருந்தது. அதனால் 1 எனக்கு 7 ஆகத் தெரிந்தது. அந்த 7 ஐ எழுதிக் கொடுத்துத்தான் முதல் விசாரணை செய்தேன். பதிவோடு ஒத்துவரவில்லை என்று பதில் வந்தபோது கை கால் ஓடவில்லை. திரும்ப வந்து துடைத்துப் பார்த்தபோதுதான் கீறல் தனி, இலக்கம் தனி என்று தெரிந்தது. மூன்று மாதம் அதில் போனது.

பெயின்ற் அடிக்கக் கொடுக்கும்போது அந்த இடத்தில் கிறீஸ் தடவி, டேப் ஒட்டி, "இதைத் தொட வேண்டாம்" என்று பெயின்ற் அடிப்பவரிடம் வாயாலும் சொல்லுங்கள். பவுடர் கோட்டிங் தடிப்பாக இறங்கி இலக்கத்தை மூடிவிடும். மங்கிய இலக்கத்தை ஆழமாக்க ஒருவரும் பஞ்ச் எடுத்து அடிக்கக் கூடாது. ஒரு தட்டுத் தட்டினாலும் அது நம்பரைத் திருத்தியதாகிவிடும். அதன் பிறகு உண்மையான வண்டியும் களவு வண்டி போலத்தான் நிற்கும்.

அரைத்து அழித்த கழுத்தோடு வரும் வண்டியை வாங்க வேண்டாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறியது. அதோடு, இரண்டு மூன்று வண்டியின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியவையும் சந்தைக்கு வந்தன. பன்டத்துக்கு முன் நான் ஒரு வண்டிக்கு அச்சாரம் கொடுத்திருந்தேன். கழுத்தைத் துடைத்தபோது கிரைண்டர் வட்டம் வட்டமாக ஓடிய தடம். அன்றைக்கே அச்சாரத்தைத் திருப்பி வாங்கினேன்.

இன்னொன்று: சட்டக நம்பரும் இஞ்சின் நம்பரும் ஒன்றாக இல்லாவிட்டால் பிழையான வண்டி என்று சில மெக்கானிக்மார் சொல்வார்கள். பி.எஸ்.ஏ அந்தக் காலத்தில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை வைத்திருந்தது. ஐம்பதுகளின் பன்டத்தில் இரண்டும் வேறாக இருப்பதுதான் சரி. புக்கில் உள்ள இரண்டு நம்பரும் வண்டியில் உள்ள இரண்டோடும் ஒத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம்பர் பிளேட்டையும் எறிய வேண்டாம். என் வண்டியின் முன் மட்காட்டில் இருந்த தகடு கறுப்புப் பூச்சில் ஊறிப்போயிருந்தது. அதையும் அதே தின்னர் துணியால் சுற்றினேன். மேலே சிங்கள ஸ்ரீ. அதற்குக் கீழே, கை நடுங்காமல் யாரோ தூரிகையால் எழுதிய தமிழ் ஸ்ரீ. 1957 இல் சிங்கள ஸ்ரீ எழுத்தோடு இலக்கத் தகடு வந்தபோது தமிழ்ப் பகுதிகளில் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதிய போராட்டம் படித்த ஞாபகம்தான் எனக்கு. அந்த எழுத்து என் விரலுக்குக் கீழே ஈரமாக வந்தபோது துடைப்பதை நிறுத்திவிட்டேன். வண்டிக்கு முறைப்படி வேறு தகடு போட்டிருக்கிறேன். பழையது அப்படியே பெட்டிக்குள் இருக்கிறது.

பதிவில் யார் இருக்கிறார்

வாகன இலக்கம் கையில் இருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விவரத்தைக் கேட்டு எடுக்கலாம். தலைமை அலுவலகம் நாரஹேன்பிட்டியில். எங்களுக்கு மாவட்ட அலுவலகம் இருக்கிறது. புது இலக்கங்களுக்கு இணையத்திலேயே அடிப்படை விவரம் வரும். பழைய ஸ்ரீ இலக்கத்துக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பழைய பதிவேட்டைப் பார்த்து எடுக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். இலக்கம், மாதிரி, தெரிந்த நம்பர்கள், ரிசுப் பிரதியின் போட்டோக் கொப்பி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுங்கள். அந்த விவரத்தில் முழு உரிமையாளர் என்று ஒரு லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்ற கடிதம் அவர்களிடம் எடுக்காமல் மேலே போக முடியாது. என்னுடையதில் அது இல்லை.

எனக்கு வந்த விவரத்தில் இணுவில் முகவரியோடு ஒரு பெயர். வண்டியை எனக்கு விற்ற மட்டுவில் அம்மாவிடம் கேட்டேன்.

"அது எங்கட வாத்தியார் தம்பி. எழுபத்து நாலில இவர் அவரிட்டத்தான் வாங்கினவர். பேர் மாத்துவம் மாத்துவம் எண்டு இருந்திட்டம்."

அதாவது, பதிவில் இருப்பவர் வாத்தியார். 1974 இல் வாங்கியவர் அம்மாவின் கணவர். என்னிடம் விற்றது அம்மா. வாத்தியாரும் உயிரோடு இல்லை, அம்மாவின் கணவர் ஐயாவும் இல்லை. புக்கும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமப் பகுதிச் சனமே வெளிக்கிட்டபோது ஐயா இந்த வண்டியில் இரண்டு உரப்பையைக் கட்டி, நாவற்குழிப் பாலத்தில் சனத்துக்குள் உருட்டிக்கொண்டு வந்தாராம். அப்போது புக் சீலைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. 2000 இல் மட்டுவில் இருக்கும் தென்மராட்சியில் சண்டை வந்து மறுபடி ஓடியபோது பெட்டி வீட்டோடு போய்விட்டது. கொட்டில் விழுந்து வண்டியை மூடியதால் வண்டி மிஞ்சியது.

இந்த நிலையில்தான் பலர் கைவிடுகிறார்கள். கைவிட வேண்டாம். புக் தொலைந்தால் மறுபிரதி எடுக்கலாம். இறந்தவரின் சார்பில் கையெழுத்து வைக்கச் சட்டம் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

வாத்தியார் வீடு

இணுவிலில் வாத்தியாரின் மகள் ஒருவர் இருந்தார். அறுபது வயதுக்கு மேல். முதல் நாள் நான் கடதாசி எதையும் எடுத்துப் போகவில்லை. வண்டியின் படத்தை மட்டும் கொண்டுபோனேன். அதைப் பார்த்துவிட்டு அவர் உள்ளே போய் ஒரு அல்பம் கொண்டுவந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய வாத்தியார், ராங்கியின் மேல் ஒரு சின்னப் பிள்ளை, முன்னால் இலக்கத் தகடு தெளிவாக. "அது நான்தான்" என்றார்.

அந்தப் படத்தை நல்லாக ஸ்கான் பண்ணி என் கோப்பில் வைத்தேன். பழைய படம், பழைய வரிப்பத்திரம், கராஜ் பில், தபாலில் வந்த நோட்டீஸ் என்று வண்டியையும் குடும்பத்தையும் சேர்த்துக் காட்டும் எதுவும் உதவும். உரிமைக்கு ஆதாரம் அல்ல. ஆனால் நீங்கள் சொல்லும் கதை உண்மை என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது சொல்லும். என் வண்டியின் லைசென்ஸ் மாட்டும் வட்டக் கூட்டுக்குள் 1982 ஆம் ஆண்டுப் பத்திரத்தின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவும் கோப்பில் இருக்கிறது.

இனிக் கேட்க வேண்டிய கேள்வி: "அப்பா மோசம்போன பிறகு காணிக்கு டெஸ்டமென்டரி வழக்கு ஏதும் நடந்ததோ அக்கா?" இதைக் கேட்காமல் வர வேண்டாம். இறந்தவரின் ஆதனத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமித்து நிர்வாகக் கடிதம் கொடுத்திருந்தால், வண்டிக்கும் கையெழுத்து வைக்கக்கூடியவர் அவர்தான். வண்டிக்காக மட்டும் ஒரு வழக்குப் போடுவது காலமும் காசும். ஆனால் எங்கள் ஊரில் காணிக்காக ஏற்கெனவே வழக்கு நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வந்து காணி, வீட்டு விடயங்களைத் தீர்த்துக்கொண்டு போன காலம் ஒன்று இருந்ததே. இந்த வீட்டிலும் 2003 இல் வழக்கு நடந்திருந்தது. நிர்வாகி அக்காவேதான். வழக்கு இலக்கம் அவரிடம் இருந்தது; யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றப் பதிவறையில் உறுதிப்படுத்திய பிரதிக்கு ஒரு சட்டத்தரணி மூலம் விண்ணப்பித்தோம்.

வழக்கு எதுவும் நடக்காத வீடு என்றால், உரித்தாளிகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு முதலில் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். கிராம அலுவலரின் உறவுமுறைக் கடிதம், பிரதேச செயலாளரின் ஒப்பம், மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் சம்மதம் என்று எது எவ்வளவு தூரம் போதும் என்பது ஆதனத்தின் அளவைப் பொறுத்தது.

யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமாகிய தேசவழமையை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. மட்டுவில் ஐயா வண்டி வாங்கியது கலியாணத்துக்குப் பிறகு, தன் உழைப்பில். அப்படியென்றால் அது தேடிய தேட்டம். கணவர் போனால் பாதி மனைவிக்கு, மற்றப் பாதி அவரின் உரித்தாளிகளுக்கு. என்னிடம் காசை எண்ணி வாங்கியது அம்மா. ஆனால் முழு வண்டியையும் விற்க அம்மாவின் கையெழுத்து மட்டும் போதாது. இரண்டு பிள்ளைகளும் சேர வேண்டும். மகன் கைதடியில் இருந்தார், மகள் வவுனியாவில். இருவரும் ஜே.பி (சமாதான நீதவான்) முன்னால் சத்தியக் கடதாசி முடித்துத் தந்தார்கள்: அப்பா 1974 இல் வாத்தியாரிடம் வாங்கினார், அன்று முதல் எங்கள் வீட்டில்தான் இருந்தது, இப்போது விற்பதற்கு எங்களுக்கு மறுப்பு இல்லை. இணுவில் அக்காவும் நிர்வாகியாக ஒரு சத்தியக் கடதாசி தந்தார்: அப்பா 1974 இல் விற்றது உண்மை, எங்கள் குடும்பத்துக்கு இதில் இனி உரிமை இல்லை, வாங்கியவர் பெயருக்கு மாற்றச் சம்மதம். இந்த இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் கண்ணி அறாது. ஒரு பக்கத்தோடு போகிறவர்கள் திரும்பி வருவார்கள்.

பதிவு உரிமையாளர் உயிரோடு வெளிநாட்டில் இருந்தால் வேலை இதைவிடச் சுலபம். என் கூட்டாளி ஒருவரின் ட்ரயம்ப் மோட்டார் சைக்கிளுக்கு உரியவர் ரொறன்ரோவில். அவர் அங்கே இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய், வண்டியின் இலக்கம், சேசிஸ், இஞ்சின் நம்பர் எல்லாம் எழுதிய அற்றோணித் தத்துவத்தில் (தன் சார்பில் இன்னொருவர் செயல்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில்) கையெழுத்து வைத்து, மூலத்தைத் தபாலில் அனுப்பினார். இங்கே அதைப் பதிந்த பிறகுதான் பாவிக்கலாம். முன்பெல்லாம் வெளிநாட்டுக் கடதாசியை உறுதிப்படுத்தக் கொழும்புக்கு ஓட வேண்டியிருந்தது. இப்போது வெளிவிவகார அமைச்சின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. வட்ஸ்அப்பில் வந்த கொப்பியை நம்பி ஒன்றும் தொடங்க வேண்டாம். மூலம் கைக்கு வரட்டும்.

தொலைந்த புக்

புக் தொலைந்ததற்குப் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அதன் பிரதி எடுக்க வேண்டும். என் விடயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. தொலைத்தது மட்டுவில் குடும்பம். மறுபிரதி கேட்கும் உரிமை பதிவில் உள்ளவருக்கு, அதாவது வாத்தியாரின் நிர்வாகிக்கு. அம்மா முறைப்பாடு போட்டார். அக்கா மறுபிரதிக்கு விண்ணப்பித்து, புக் தன்னிடம் இல்லை, யாரிடமும் அடகு வைக்கவும் இல்லை என்று சத்தியக் கடதாசி கொடுத்தார். முறைப்பாட்டில் வண்டி இலக்கத்தையும் சேசிஸ் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். "ஒரு மோட்டார் சைக்கிள் புத்தகம்" என்று பொதுவாக எழுதினால் அது எந்த வண்டிக்கும் பொருந்தும். உங்கள் வண்டிக்குப் பயன்படாது.

பெயர் எழுத்தை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பதிவேட்டில் வாத்தியாருக்கு ஒரு முதலெழுத்து. மரணச் சான்றிதழில் இரண்டு. நீதிமன்றக் கடிதத்தில் பெயர் முழுதாக, வேறு ஆங்கில எழுத்துக் கூட்டலில். மூன்றும் ஒருவரே என்று அக்கா இன்னொரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டி வந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே ஜே.பியிடம் முடித்திருந்தால் அக்காவை மூன்று முறை வெயிலில் கூட்டிப்போயிருக்க வேண்டியதில்லை. வயது போனவர்களிடம் கையெழுத்துக் கேட்டுப் போகிறோம். ஓட்டோவுக்கு நாங்களே காசு கொடுத்து, கூட்டிப்போய், வீட்டில் கொண்டுவந்து விட வேண்டும்.

இஞ்சின்

பதிவில் இருந்த இஞ்சின் நம்பர் வண்டியில் இருந்த இஞ்சினோடு ஒத்துவரவில்லை. மண்ணெண்ணெயில் ஓடிப் பழைய இஞ்சின் இறுகி நின்றுபோனதால் ஐயா தொண்ணூறுகளில் வேறொரு பன்டத்தின் இஞ்சினைப் போட்டிருந்தார். இஞ்சின் மாற்றத்தையும் பதிவில் ஏற்றலாம். அதற்கு அந்த இஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீது வேண்டும். எங்களிடம் ரசீது இல்லை.

"பழைய இஞ்சினை என்னம்மா செய்தனீங்கள்?" என்று கேட்டேன். கிணற்றடியில் கோழிக்கூட்டின் ஒரு காலுக்குக் கீழே முண்டு கொடுத்திருந்தார்கள். தூக்கிக் கழுவிப் பார்த்தால் இஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் வார்ப்பில் பதிவில் உள்ள அதே நம்பர். நான் அப்படியே தரையில் குந்திவிட்டேன்.

இஞ்சின் நம்பர் இருப்பது கிராங்க் கேஸில். பீப்பாய், ஹெட், கிராங்க், காபரேட்டர் எதிலும் இல்லை. அதனால் அந்தப் பழைய கேஸை வெல்டிங் செய்து, பேரிங் உட்காரும் இடத்தை என் லேத்திலேயே சரிப்படுத்தி, மற்ற இஞ்சினில் நல்லதாக இருந்த உள் சாமானை அதற்குள் போட்டேன். பதிவும் வண்டியும் ஒன்றாகிவிட்டன. பழைய வீடுகளில் வண்டி வாங்கும்போது உடைந்த கேஸ், துருப்பிடித்த மட்காட் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்த பிறகு தேடிப் பயன் இல்லை.

மூல நம்பர் என்னவென்று சந்தேகம் இருந்தால் இங்கிலாந்தில் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் பி.எஸ்.ஏவின் அனுப்புகைப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. கட்டணம் கட்டி விவரம் கேட்கலாம். அந்தக் கடிதம் யாருக்கு வண்டி சொந்தம் என்று சொல்லாது. எந்தச் சட்டகம் எந்த இஞ்சினோடு தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதை அறிய உதவும்.

பரிசோதகர் முன்னால்

உரிமை மாற்றத்துக்கு எம்.டி.ஏ 6, எம்.டி.ஏ 8 படிவங்கள். மறுபிரதியும் மாற்றமும் ஒரே கோப்பில் போகும்போது எதை முதலில் கொடுப்பது என்று கவுண்டரில் கேட்டு, அவர்கள் சொல்லும் வரிசையில் போங்கள். கட்டணமும் அன்றைய விகிதப்படி அங்கேயே தெரியும். தரகர்கள் வெளியில் நிற்பார்கள். நான் யாரிடமும் கொடுக்கவில்லை. என் கோப்பில் எந்தக் கடதாசி ஏன் இருக்கிறது என்று சொல்லக்கூடியவன் நான்தான். கேள்வி வந்தால் பதில் என் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

வண்டியைத் திணைக்களப் பரிசோதகருக்குக் காட்டும் நாளுக்கு அது ஓட வேண்டும் என்று எண்ணி முழுதாகப் பூட்டிவிடாதீர்கள். சட்டகம், இஞ்சின், சில்லு, தகடு இருந்து, நம்பர் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நான் ராங்கியும் சீற்றும் இல்லாமல் சின்ன லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தக் கோலத்தில் கழுத்தில் இருந்த நம்பரை அவர் குனியாமலே வாசித்தார். ரிசுப் பிரதியைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். நிறமும் பதிவில் உள்ள விடயம்; பதிவில் பச்சை என்று இருந்ததால் நான் கறுப்பு ஆசையை விட்டு, பழைய பச்சையையே அடித்தேன். வேறு நிறம் வேண்டுமென்றால் அதையும் அறிவித்துப் பதிய வேண்டும்.

புக் என் பெயருக்கு வந்த பிறகும் மறு பூட்டு வேலை ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. அந்தக் காலத்துக்கு, வண்டி பாவனையில் இல்லை என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவித்து வைத்தேன். அறிவிக்காமல் விட்டால் வரிப்பத்திரம் நிலுவையாக நிற்கும். வீதிக்கு இறக்கும்போது இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், பிறகு வரிப்பத்திரம், இந்த வரிசையில். புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் சைலன்சரைக் கழற்றி, உள்ளே படிந்த பழைய எண்ணெய்க் கரியைச் சுட்டு எடுத்துவிடுங்கள். ரூ ஸ்ட்ரோக்கில் புகையின் பாதி அங்கேதான் இருக்கும்.

புக்கின் மூலம் இப்போது என் வீட்டில் இரும்புப் பெட்டிக்குள், ரிசுப் பிரதி ஒன்றோடு. ஒவ்வொரு சத்தியக் கடதாசிக்கும் நீதிமன்றக் கடிதத்துக்கும் இரண்டு போட்டோக் கொப்பி எடுத்தேன். ஒரு கட்டு இணுவில் அக்காவிடம். மற்றது கொழும்பில் தங்கச்சி வீட்டு அலுமாரியில், என் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு.